பாடத்தில் இல்லாத கேள்வி

பிள்ளைகளா, இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். சொந்தக்காரர்களும் படிக்கலாம். ஆனால் முக்கியமாக இது என்னிடம் படித்தவர்களுக்கு, அதிலும் இன்று வீட்டில் பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு.

காலாண்டு விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருக்கிறாள். திருச்சியில் ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்பு. வந்த அன்றே பையைத் திறந்து ஆங்கில விடைத்தாளைக் காட்டினாள். பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதியில் ஐந்துக்கு ஐந்து. டீச்சர் ஒரு ஸ்டார் வேறு போட்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தப் பத்தியில என்ன கதைம்மா வருது? அம்மாச்சிக்குச் சொல்லு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கதையெல்லாம் கேக்க மாட்டாங்க அம்மாச்சி. கொஸ்டின்தான் கேப்பாங்க."

"சரி, நான் கேக்கறேன், சொல்லு."

தாளை வாங்கிப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒரு குரங்கு இருக்கிறது என்றாள். ஒரு பாட்டி இருக்கிறார் என்றாள். பாட்டி குரங்கை என்ன செய்தார், குரங்கு பாட்டியை என்ன செய்தது என்று கேட்டால் தெரியவில்லை. ஆனால் ஐந்து விடையும் சரி. எழுத்துப்பிழைகூட இல்லை.

"அப்புறம் எப்படிடா கண்ணு எழுதுன?"

ரகசியம் சொல்கிற குரலில் விளக்கினாள். "கொஸ்டின்ல ஒரு பெரிய வேர்ட் இருக்கும்ல, அத பேசேஜ்ல தேடணும். கண்டுபிடிச்சதும் அந்த லைன அப்படியே எழுதணும். ஒய், வாட் எல்லாத்தையும் விட்டுரணும். அவ்ளோதான்."

சிரித்துவிட்டேன். அவள் அம்மாவும் அடுப்படியிலிருந்து சிரித்தாள். ஆனால் ராத்திரி படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்த வித்தையை எனக்கு நன்றாகத் தெரியும். 1983இல் வேலையில் சேர்ந்தேன், 2016இல் ஓய்வு பெற்றேன். இந்த 33 வருடத்தில் பாதிக் காலம் அதே வித்தையைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அடிக்கோடு போடு, அந்த வரியை எழுது." ஞாபகம் இருக்கிறதா? ஏ.இ.ஓ. பார்வைக்கு வருகிற வாரம் என்றால் தினமும் அதே பயிற்சிதான்.

அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். கீழே உள்ள மூன்று வரியைப் படியுங்கள்.

ஒரு டொம்பு பிலாகுக்குப் போனது. அங்கே மூன்று மிட்டுகளைப் பார்த்தது. மிட்டுகள் கரூமாக இருந்தன.

இப்போது கேள்வி. டொம்பு எங்கே போனது? எத்தனை மிட்டுகளைப் பார்த்தது? மிட்டுகள் எப்படி இருந்தன?

மூன்றுக்கும் மூன்று வாங்கிவிட்டீர்கள். வாழ்த்துகள். இனி டொம்பு என்றால் என்ன என்று எனக்கும் சொல்லுங்கள். நான் சும்மா கட்டிய சொற்கள் அவை. அர்த்தமே இல்லாத பத்திக்கு முழு மதிப்பெண் வாங்க முடியும் என்றால், அந்த மதிப்பெண் எதைத்தான் அளக்கிறது?

இதைச் சொல்லிவிட்டு ஒரு பழைய கதைக்கு வருகிறேன். இதில் வருகிறவனிடம் போனில் பேசி, எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவனுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரிந்தாலும் கமென்டில் பெயர் போட வேண்டாம்.

1993. ஐந்தாம் வகுப்பு என் கையில். 52 பேர், ஒரே அறை, ஓடு மாற்றாத கட்டடம். ஆங்கிலத்துக்குப் பலகையில் நானே ஒரு சின்னப் பத்தி எழுதிப் போட்டேன். அன்று நீங்கள் புத்தகத்தில் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வீர்களே, அதே போல எழுதுகிறேன்:

"முருகன் ஹேட் எ கோட். ஒன் டே இட் ரெயின்ட் ஹெவிலி. தி கோட் டிட் நாட் கம் ஹோம். முருகன் டிட் நாட் ஈட் தட் நைட்."

முருகனிடம் ஓர் ஆடு இருந்தது. ஒருநாள் பலத்த மழை. ஆடு வீடு திரும்பவில்லை. அன்றிரவு முருகன் சாப்பிடவில்லை. நாலே வரி.

கடைசிக் கேள்வி, "ஒய் டிட் முருகன் நாட் ஈட் தட் நைட்?" முருகன் ஏன் சாப்பிடவில்லை?

வகுப்பில் முதலாக வருகிற ஒரு பெண் எழுதியது, "முருகன் டிட் நாட் ஈட் தட் நைட்." முருகன் அன்றிரவு சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அது விடையே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது, பத்தியில் இருந்தது, எழுத்து முத்து முத்தாக இருந்தது. சரி போட்டேன்.

கடைசி வரிசையில் இருந்த ஒருவன் தமிழில் எழுதியிருந்தான். "ஆடு வரல. அவனுக்குச் சோறு எறங்கல."

குறுக்கே சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பூஜ்யம்.

அது மட்டும் என்றால்கூட மறந்திருப்பேன். தாளை வாங்கிக்கொண்டு அவன் போகவில்லை. "டீச்சர், ஆடு மறுநாள் வந்துச்சா?" என்றான். அவன் வீட்டில் ஆடு உண்டு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு 52 பேரைத் திருத்தி முடிக்க வேண்டும், அடுத்த மணி கணக்கு. "பாடத்துல இல்லாததெல்லாம் கேக்காத. இங்கிலீஷ்ல ஒரு வரி எழுத வரல, கேள்வி கேக்க வந்துட்டான். உனக்கு இந்த ஜென்மத்துல இங்கிலீஷ் வராது" என்று சொல்லி வேப்பமரத்தடியில் நிற்கவைத்தேன்.

அந்த வகுப்பில் அந்த நாலு வரியைப் படித்தவன் அவன் ஒருவன்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. வரியில் எழுதாததை அவன் படித்துவிட்டான். ஆடு வராததற்கும் சோறு இறங்காததற்கும் நடுவே பத்தியில் எந்தச் சொல்லும் இல்லை. அந்த இணைப்பை அவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டான். வாசித்துப் புரிந்துகொள்வது என்றால் அதுதான். மீதி எல்லாம் எழுத்தைப் பார்த்து எழுத்து எழுதுவது.

இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். எலக்ட்ரீஷியனாக இருக்கிறான். காலில் விழுந்தான், பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பேச்சுவாக்கில், "சிங்கப்பூருக்கு ஆள் கேட்டாங்க டீச்சர். ஃபாரமெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. நமக்குத்தான் வராதே, நீங்களே அன்னைக்கு சொல்லிட்டீங்களேன்னு விட்டுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். குற்றமாகச் சொல்லவில்லை, ஜோசியம் பலித்த மாதிரி சொன்னான். இலையில் பாயசம் போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

முதலாக வந்த அந்தப் பெண்ணையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். அங்கே பத்தி நீளம், கேள்வியில் இருக்கிற சொல் பத்தியில் இருக்காது. நான் கொடுத்த சாவி அந்தப் பூட்டுக்குச் சேரவில்லை. ஆக, புரிந்தவனை வெளியே நிறுத்தினேன், புரியாதவளுக்குச் சரி போட்டேன். ஒரே விடைத்தாளில் இரண்டு பிள்ளைகளுக்கும் கெடுதல்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள், இரண்டு விஷயம் சொன்னாள். இரண்டும் மனதில் தைத்துவிட்டன.

ஒன்று, அமெரிக்காவில் டோலரஸ் டர்கின் என்ற அம்மையார் 1970களின் கடைசியில் நான்காம் வகுப்பு அறைகளில் உட்கார்ந்து வாசிப்புப் பாடவேளைகளைக் கவனித்தாராம். மொத்தம் 4,469 நிமிடங்கள். அதில் 'புரிந்துகொள்வது எப்படி' என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது 20 நிமிடம். மற்ற நேரத்தில் கேள்வி கேட்பதும், தாள் கொடுப்பதும், திருத்துவதும்தான். அவர்கள் சோதித்தார்கள், சொல்லிக்கொடுக்கவில்லை. ஓட்டுக் கட்டடத்தில் 52 பேரோடு நான் செய்ததும் அதுதான்.

இன்னொன்று, கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் எழுதியது. வாசித்துப் புரிந்துகொள்வதில் இரண்டு பங்கு உண்டு. எழுத்தை ஒலியாக்கிச் சொல்லாகப் படிப்பது ஒன்று. அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிவது இன்னொன்று. இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். கூட்டலில் ஒன்று பூஜ்யமானாலும் மற்றது மிஞ்சும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் எல்லாமே பூஜ்யம். நம் பிள்ளைகள் மணிமணியாக வாய்விட்டுப் படிப்பார்கள், நாமும் பூரித்துப்போவோம். அந்த வாக்கியத்தைப் புத்தகம் இல்லாமல் காதில் சொன்னால் புரியுமா என்று பார்ப்பதில்லை.

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எங்கள் பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, நாங்களும் தரையில். அதைப் பற்றி ஆயிரம் குறை சொல்வோர் உண்டு, நானும் முதலில் முணுமுணுத்தவள்தான். ஆனால் தரையில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு பிள்ளையின் வாயும் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று அப்போதுதான் கேட்டது. கடைசிப் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டதையும், இப்போது பேத்தியோடும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரோடும் திண்ணையில் செய்வதையும் சொல்கிறேன். வீட்டில் செய்துபாருங்கள். காசு செலவில்லை.

முதலில் எழுத்து. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. 'ப', 'ட', 'ம்' என்று சேர்த்தால் 'படம்' வந்துவிடும். ஆங்கிலத்தில் 'சி, ஏ, டி' என்று பெயரைச் சேர்த்தால் 'சியேட்டி' வரும், பூனை வராது. அதனால் எழுத்தின் பெயர் வேறு, அது போடுகிற சத்தம் வேறு என்று பிள்ளைக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கிற மொழி அது. பிள்ளை தடுமாறினால் மக்கு என்று அர்த்தமில்லை.

அந்தப் பென்சில் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கும் மேலே 'கோட்' என்று எழுதுவீர்கள், சட்டைக்கு மேல் போடுவதற்கும் 'கோட்' என்று எழுதுவீர்கள். நம் 'க' இரண்டு ஒலிக்கும் பொது. அப்புறம் ஆங்கிலத்தைப் பார்க்காமல் பென்சிலை மட்டும் பார்த்துப் படிப்பீர்கள். கோட் புல் தின்றது என்று படித்தாலும் சிரிப்பு வராது, ஏனென்றால் எந்தக் கோட் என்று யோசிக்கிற வேலையே அங்கே இல்லை. தமிழில் ஒலியை எழுதாதீர்கள், வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆடு படம் போடுங்கள் என்று பிற்காலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். ஆடு நாய் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது சொல்லின் வரிசை. இலக்கணத்தில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இது. 'நாய் பூனையைத் துரத்தியது.' இதையே 'பூனையை நாய் துரத்தியது' என்று மாற்றிச் சொன்னாலும் துரத்துவது நாய்தான். அந்த 'ஐ' பூனையோடு ஒட்டிக்கொண்டு காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டு கிடையாது. நிற்கிற இடம்தான் வேலையைச் சொல்லும். மூன்று பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கையில் ஆளுக்கு ஓர் அட்டை கொடுப்பேன். டாக், சேஸ்ட், கேட். 'தி டாக் சேஸ்ட் தி கேட்.' நாய்ப்பிள்ளை பூனைப்பிள்ளையைத் துரத்த வேண்டும். இப்போது இருவரும் இடம் மாறி நில்லுங்கள் என்பேன். பூனை நாயைத் துரத்தும். வகுப்பே அதிரும். இரண்டு நிமிட விளையாட்டு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பத்து நாள் மூச்சுவாங்கச் சொன்னாலும் ஏறாதது அதில் ஏறிவிடும். நடுவில் நிற்கிற 'சேஸ்ட்' பிள்ளை மட்டும் தனக்கு ஓட வாய்ப்பில்லையே என்று அழும். அதற்கும் ஒரு முறை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

'எஸ்' என்கிற ஒட்டு இன்னொரு தலைவலி. 'ஐ கோ, யூ கோ, ஆனால் ஷீ கோஸ்.' அது வந்ததும் 'டஸ் ஷீ கோஸ்' என்பார்கள். பெரியவர்களும் சொல்கிறோம். அதற்கு ஒரு சாக்பீஸ் துண்டு போதும். ஒரு பிள்ளை 'கோ', அதன் கையில் சாக்பீஸ். அதுதான் 'எஸ்'. 'ஷீ கோஸ்.' கேள்வி கேட்க வேண்டும் என்றால் 'டூ' என்ற பிள்ளை முன்னால் வந்து நிற்கும். வந்ததும் சாக்பீஸை வாங்கிக்கொள்ளும். இப்போது அது 'டஸ்', பின்னால் நிற்கும் 'கோ' வெறுங்கை. 'டஸ் ஷீ கோ?' இருப்பது ஒரே சாக்பீஸ், இரண்டு பேர் கையில் எப்படி இருக்கும்? 'ஷீ டஸ் நாட் கோ' என்பதற்கும் இதே கணக்குத்தான். சாக்பீஸ் யார் கையில் என்று கேட்டால் போதும், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

மூன்றாவது, எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. 'ஹீ, ஷீ, இட், தே' என்று வருகிறதே, அது யாரைச் சொல்கிறது என்று பிள்ளைகள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. தமிழில் 'வந்தான், வந்தாள், வந்தது' என்று வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் தெரியும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'கேம்' ஒன்றுதான். அதனால் அந்தக் குட்டிச் சொல்லை விட்டால் கதையில் ஆள் தொலைந்துபோவார். பேத்தியின் பாட்டியும் குரங்கும் தொலைந்தது அங்கேதான். இரண்டாவது வரியிலிருந்து 'ஷீ'யும் 'இட்'டும்தான். பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொரு 'ஷீ'யிலிருந்தும் ஒவ்வொரு 'இட்'டிலிருந்தும் அது யாரோ அவருக்கு அம்புக்குறி போடச் சொன்னேன். போட்டு முடித்ததும், "அம்மாச்சி! குரங்குதான் பாட்டி கண்ணாடிய எடுத்துட்டுப் போயிருக்கு!" என்று கத்தினாள். அந்தத் தாளுக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கதை அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவளுக்கு என் பழைய முருகன் பத்தியை எழுதிக் கொடுத்தேன். 'ஒன் டே இட் ரெயின்ட்' என்ற இடத்தில் 'இட்'டிலிருந்து ஆட்டுக்கு அம்பு போட்டாள். போட்டுவிட்டு அவளே நிறுத்தி, "ஆடு எப்படி அம்மாச்சி மழை பெய்யும்?" என்றாள். எவ்வளவு நியாயமான கேள்வி! தமிழில் மழை பெய்கிறது, பெய்கிற வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முன்னால் யாராவது ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஆள் இல்லாதபோது 'இட்' வந்து சும்மா நிற்கும். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரரை நிற்கவைப்பது போல. அப்படிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு, அம்பை அழித்துவிட்டாள். இந்த இலக்கணத்தைப் பாடமாக நடத்தியிருந்தால் தூங்கியிருப்பாள். தப்பான அம்பு போட்டதால்தான் கேள்வி பிறந்தது.

கடைசியாக, விடை எந்த மொழியில் என்பது. இதைப் பெற்றோர் ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். புரிந்ததைப் பிள்ளை முதலில் தமிழில் சொல்லட்டும். 'சோறு எறங்கல' என்று சொல்லட்டும். அதற்கு முழு மதிப்பெண், மனதுக்குள்ளாவது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். 'சேட்' என்று சொல்லும், வருத்தம். அப்புறம் 'ஹீ வாஸ் சேட்.' அப்புறம் 'பிகாஸ்' போட்டு 'தி கோட் டிட் நாட் கம்.' நாலு படி ஏணி. புரிந்ததா என்பது ஒரு கேள்வி, ஆங்கிலத்தில் எழுத வருகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சிவப்புக் கோட்டால் அடித்ததுதான் 1993இல் நான் செய்த தவறு. தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகள் இருப்பதாகக் கேள்விப்படும்போது எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வருகிறது.

ஒவ்வொரு விடைக்குப் பிறகும் ஒரே ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" பிள்ளை வரியைத் தொட்டுக் காட்டினால் விடை வரியில் இருக்கிறது. இரண்டு வரியைத் தொட்டு "இதனாலதான் இது" என்றால் விடை வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்றால் விடை அதன் வாழ்க்கையிலிருந்து வருகிறது. மூன்றும் வேண்டும். பரீட்சைத்தாள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகிறது.

இப்போது வகுப்பில் இருக்கிற ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. என்னிடம் படித்து ஆசிரியரானவர்களே பன்னிரண்டு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பாடத்தை முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும், நடுவில் வேறு வேலைகள். "ஆடு வந்துச்சா" என்று ஒரு பிள்ளை கேட்டால் நிற்க நேரம் இருக்காது. தெரியும். நான் சொல்வதெல்லாம், நிற்க முடியாவிட்டாலும் அடிக்காதீர்கள், "வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் மற்றதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

அதற்குச் சாட்சி அவனேதான். போன வாரம் போனில், "அன்னைக்கு நீ ஒரு கேள்வி கேட்ட. ஆடு மறுநாள் வந்துச்சான்னு. ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆடா? எந்த ஆடு டீச்சர்?"

முருகன், மழை, ஆடு எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றது ஞாபகம் இருக்கிறது. நான் சொன்ன அந்த ஒரு வரி ஞாபகம் இருக்கிறது. நல்ல கேள்வியை மறந்துவிட்டான், கெட்ட வார்த்தையை வைத்துக்கொண்டான். பத்து வயதுப் பிள்ளையிடம் அப்படி ஒரு பேரம் நடத்தியிருக்கிறேன்.

"நான் அன்னைக்கு சொன்னது தப்புப்பா. அந்த வகுப்புலயே அதப் புரிஞ்சு படிச்சவன் நீதான். நான்தான் தப்பாத் திருத்திட்டேன்" என்றேன்.

"அட, விடுங்க டீச்சர். அதெல்லாம் எந்தக் காலம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எம் பொண்ணு நாலாவது படிக்கிறா டீச்சர். இங்கிலீஷ் கொஞ்சம் இழுக்குது. ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வரட்டுமா?" என்றான்.

வரச் சொல்லியிருக்கிறேன். திண்ணையில் இடம் இருக்கிறது.

பேத்தி இன்று காலையில் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறுவதற்கு முன் அந்த முருகன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாச்சி, முருகனோட அம்மா அவனச் சாப்பிடச் சொன்னாங்களா, இல்ல அவங்களும் சாப்பிடலையா?" என்று கேட்டாள்.

பாடத்தில் இல்லை. "நீ என்னம்மா நெனைக்கிற?" என்றேன். பஸ் வருகிற வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளா, இன்று ராத்திரி உங்கள் வீட்டுக் குட்டியின் ஆங்கிலப் புத்தகத்தை எடுங்கள். கேள்வி பதில் பக்கத்துக்குப் போகாதீர்கள். "இதுல என்ன கதை?" என்று மட்டும் கேளுங்கள். தமிழில் சொன்னாலும் கேளுங்கள். என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். இந்த முறை சிவப்பு மை கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்